எடை குறைந்தால் போதுமா?

(நமது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை, ஜிம் மாஸ்டரும் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டுத் தெரிந்துகொண்டதையும் அதன் பிறகு படித்ததையும் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு சாப்பாட்டைக் குறைத்தேன். நான்கு கிலோ இறங்கியது. "இளைச்சு நல்லா இருக்கீங்க சார்" என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஒரு கல்யாணத்தில் தரையில் உட்கார்ந்து பந்தி. சாப்பிட்டு முடித்ததும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து இலைப் பையன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். குறைந்த நான்கு கிலோ எது என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் வந்தது.

எடை மெஷின் மொத்தத் தொகையை மட்டும் காட்டும். தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மில் பலர் இப்படித்தான், பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால் வீட்டில் டேப் வைத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

நடுத்தர வயதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. 60-க்கு மேல் வேகம் கூடுகிறது. பயிற்சி இல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். எனக்கு நடந்தது அதுதான். தினமும் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை என்று ஏதாவது புரதம் வேண்டும்.

வாக்கிங் போகிறோமே, போதாதா? இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் பழகிய வேலையை விடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால்தான் தசை வலுவாகும். வாரம் 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம்ம ஊர்க் கோட்டையே இதற்குப் பாடம். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு, வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் ராஜகிரி ஏற வேண்டும் என்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால்தான். ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. நாற்காலியில் தொப்பென்று விழாமல் மெதுவாக உட்கார்ந்தாலும் அதே வேலைதான்.

உடம்பு வளைய வேண்டுமென்றால், கொஞ்சம் நடந்து உடம்பு சூடான பிறகு நீட்டுங்கள். வெடுக்கென்று இழுக்காமல், 30 விநாடி அப்படியே நிறுத்துங்கள். இழுப்பு தெரியலாம், வலி கூடாது.

வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை. கை இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12-க்கும், பெண்கள் 11-க்கும் கீழே என்றால் கால் வலு குறைவு என்று பொருள். அப்படி இருந்தால் அந்தச் சோதனையையே பயிற்சியாகச் செய்யலாம். மூச்சை அடக்காதீர்கள். இதய நோய், பி.பி., மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நான் 8-ல் ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் 13. எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது, பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. போன மாதப் பந்தியில் ஒரு கையைத் தரையில் ஊன்றி நானே எழுந்துவிட்டேன்.

உங்கள் எண்ணிக்கை எத்தனை? அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.