பெட்டியின் மேல் யாருடைய பெயர்?

தோட்டங்களிலிருந்து அதிகாலை பஸ் பிடித்து வந்திருக்கும் பெற்றோரே, இன்று சந்தைப்படுத்தலில் பட்டம் பெறும் தம்பி தங்கைகளே!

இங்கே வரும் வழியில் கண்டி மஹியாவையில் இறங்கி, கல்லறைத் தோட்டத்துக்குள் போய்விட்டு வந்தேன். ஜேம்ஸ் டெய்லர் அடக்கமாகியிருப்பது அங்கேதான். 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து இறங்கியபோது அவர் மீசை அரும்பாத பையன். 1867இல் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பங்களா விறாந்தையிலேயே கொழுந்தை உருட்டி உருட்டிப் பக்குவம் கற்றார். இரண்டு வருடத்தில் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் விழுந்தது. கோப்பியை நம்பிய துரைமார் கடனாளியான காலத்தில் இந்த மலைநாட்டை எழுப்பி நிறுத்தியது தேயிலைதான். டெய்லர் 1892இல் இறந்தார்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1890இல், கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்து வளர்ந்த தோமஸ் லிப்டன் இங்கே வந்து தோட்டங்கள் வாங்கினார். ஒரு கூலிக் குடும்பம் ஒரு தடவைக்கு எவ்வளவு தேயிலை வாங்க முடியும் என்பதை அவர் கடையில் நின்றே அறிந்திருந்தார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த தேயிலையைச் சின்னச் சின்னப் பைக்கற்றாக்கி, மேலே தன் பெயரை அச்சடித்தார். இன்று உலகம் அறிந்த பெயர் லிப்டன். டெய்லரின் பெயரைக் கண்டியிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

பெட்டியின் மேல் யாருடைய பெயர் இருக்கிறது என்ற அந்தக் கேள்விதான் என் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலான தொழில். அதைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வந்தேன்.

1997 கடைசியில் திருகோணமலை வீதியில், ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில், ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். ஒரு கணினி, ஒரு மேசை, மாமாவிடம் கைமாற்றாக வாங்கிய காசு. பெயர்ப்பலகை, துண்டுப்பிரசுரம், லேபல் எது வந்தாலும் செய்வேன். 1998 ஜனவரி 25 காலை தலதா மாளிகையின் முன்னால் குண்டு வெடித்தது. பத்து நாளில் கண்டியில் நடக்கவிருந்த சுதந்திரப் பொன்விழாவைக் கொழும்புக்கு மாற்றினார்கள். விழாவை நம்பி ஹோட்டல்காரர்கள் சொல்லியிருந்த வேலையெல்லாம் என் அறையில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. தமிழ்ப் பெயருள்ள ஒருவன் இந்த நகரத்தில் கடை திறக்கத் தயங்கிய வாரம் அது. கீழ் அச்சகத்துச் சிங்கள முதலாளி மேலே ஏறி வந்து, "காசு பிறகு பார்ப்போம், நீ கதவைத் திற" என்றார். அவர் தந்த மூன்று மாதக் கடனில்தான் என் தொழில் உயிர் தப்பியது.

கடன் என்று சொன்னேன். உங்கள் பாடநூலில் இது சிறிய அத்தியாயமாக இருக்கும், தொழிலில் இதுதான் பாதி. கடதாசிக்குக் கையில் காசு வைக்க வேண்டும். வாடிக்கையாளர் மூன்று மாதத்துக்குப் பின் திகதியிட்டுக் காசோலை தருவார். எசல பெரஹெராக் காலத்தில் எல்லோருக்கும் எல்லாம் நாளைக்கே வேண்டும். பெரஹெரா முடிந்தபின் எவருடைய தொலைபேசியும் பதில் சொல்லாது. நிறைய வேலை இருந்த வருடங்களில்தான் நான் அதிகம் நெருக்கடிப்பட்டேன். அச்சுக்குப் போகும் முன் பாதிப் பணம் என்ற முறைக்கு வர எனக்கு ஏழு வருடம் எடுத்தது. கேட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயந்தேன். இரண்டு பேர்தான் போனார்கள். அந்த இருவரும் எனக்குப் பழைய பாக்கி வைத்திருந்தவர்கள்.

இனி நான் செய்த பிழை ஒன்று. ஒரு வாசனைத் திரவிய வியாபாரிக்கு ஐயாயிரம் லேபல் அடித்தேன். சிங்களமும் ஆங்கிலமும் சரி. தமிழில் மிளகுத்தூள் மிளகாய்த்தூள் ஆகிவிட்டது. தமிழ் தெரிந்தவன் நான், தமிழ் வரியை மட்டும் படித்துப் பார்க்கவில்லை. மற்ற இரண்டையும் வியாபாரி பார்ப்பார், வாங்குகிறவர் பார்ப்பார்; தமிழை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு என் மனத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. அது எனக்கு இன்றும் வெட்கம். லேபல் முழுவதையும் என் செலவில் திரும்ப அடித்தேன். அன்று முதல் என் கடையில் தமிழ் வரியைத்தான் முதலில் வாசிப்போம், வாய்விட்டு வாசிப்போம்.

வீதியில் இறங்கி நடந்து பாருங்கள். கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலும் நிற்கும் பலகைகள், "ர"வும் "ற"வும் இடம் மாறிய அறிவித்தல்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வரும் குப்பையை அப்படியே பலகையாக்கி மாட்டியதையும் கண்டிருக்கிறேன். தமிழ் இந்த நாட்டில் அரசகரும மொழியானது 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தால். சட்டம் வந்துவிட்டது. பலகையில் அதைச் சரியாக எழுதும் வேலை உங்களைப் போன்றவர்களுக்காகக் காத்திருக்கிறது. ஒரு தாய் மருந்துப் போத்தலின் லேபலைத் தன் மொழியில் பிழையாக வாசித்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை, ஊரடங்கு. பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கினார்கள். அதற்கு முந்திய சில வருடத்தில் என் வாடிக்கையாளர் பலரை நான்தான் பேஸ்புக் பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். ஒரே இரவில் அந்தக் கதவு மூடியது. எவருடைய தொலைபேசி எண் கொப்பியில் எழுதி இருந்ததோ, அவரை மட்டுமே நலம் விசாரிக்க முடிந்தது. மற்றவனின் இடத்தில் கடை போட்டால் திறப்பும் அவனிடம்தான் இருக்கும். வாங்குகிறவரின் பெயரும் எண்ணும் உங்கள் கையெழுத்தில் உங்களிடம் இருக்கட்டும். அந்த நாட்களில் கடையை இழந்த என் முஸ்லிம் வாடிக்கையாளர் ஒருவர், ஒரு மாதம் கழித்து அழைத்தார். கூரைக்குத் தகரம் இன்னும் போடவில்லை. முதலில் பெயர்ப்பலகை வேண்டும் என்றார். "நாங்க இங்கதான் இருக்கம் எண்டு சனம் பாக்க வேணும்" என்றார். பெயர்ப்பலகைக்கு இவ்வளவு கனம் உண்டு என்று எனக்குச் சொல்லித்தந்த ஆசிரியர் அவர்.

2022ஐ நீங்களே அனுபவித்தீர்கள். டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று ஐம்பதையும் தாண்டியது. கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சைகள் தள்ளிப்போயின, பத்திரிகைகள் அச்சை நிறுத்தின. அந்த வருடம் வந்த வாடிக்கையாளர் பலரிடம், "இப்போது விளம்பரம் செய்யாதீர்கள். விற்கச் சாமான் இல்லாதபோது கூப்பிட்டால் ஏமாந்து திரும்பும் சனம் மறுபடி வராது" என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் அரிசி வாங்கவே கணக்குப் பார்த்த மாதங்கள் அவை. அடுத்த வருடம் அவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். இப்படிச் சொன்னதால் எனக்குக் கிடைத்த வேலை, நான் கொடுத்த எந்த விளம்பரத்தாலும் கிடைத்ததில்லை. கண்டி சின்ன ஊர். காலையில் பொய் சொல்லி விற்றால், மாலையில் வாங்கியவரை மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் தரிப்பில் சந்திப்பீர்கள்.

நிதானமாக நிற்பதற்கு மெரில் ஜே. பெர்னாண்டோவைப் பாருங்கள். இளைஞராக இலண்டனில் தேயிலை பயிலப் போனவர், நம் தேயிலை வேறு நாட்டுத் தேயிலைகளோடு கலக்கப்பட்டு அந்நியப் பெயரில் விற்கப்படுவதைக் கண்டார். திரும்பி வந்து பல வருடம் அவரும் மற்றவர்களின் பெட்டிக்குத்தான் தேயிலை அனுப்பினார். டில்ஹான், மலிக் என்ற இரண்டு பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்து டில்மா என்று தன் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோனபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். விளம்பரத்தில் தானே வந்து நின்று, குடித்துப் பாருங்கள் என்றார். 2023இல், 93 வயதில் காலமானார். ஐந்து வருடத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று உங்களில் யாராவது மனம் உடைந்தால் அவரை நினையுங்கள்.

டெய்லர், லிப்டன், மெரில். மூவரின் பெட்டியையும் நிரப்பியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த நம் மக்கள் மலையகத்தில் 200 வருடத்தை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். கொழுந்து பறித்த விரலோடு இந்த மண்டபத்தின் பின்வரிசையில் தாய்மார் அமர்ந்திருக்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் பறித்தது என்று இனிமேல் தேயிலைப் பெட்டியில் எழுதப்போவது நீங்கள். அதைக் கேட்டு வாங்கும் சனமும் உலகத்தில் இருக்கிறது. அந்த வரியைத் தயவுசெய்து எழுதுங்கள், மூன்று மொழியிலும் எழுதுங்கள்.

உங்கள் முதல் வேலையின் தமிழ் வரியைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால், திருகோணமலை வீதியில் அதே மாடிக்கு வாருங்கள். காலை எட்டரைக்குக் கதவு திறந்திருக்கும்.