கடலடிக்கு வழிகாட்டுதல்

(பழைய மாணவர் ஒன்றுகூடலின் மாலை நிகழ்வில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதித் தரப்பட்டது.)



"ஸ்கூபா பற்றிக் கதையுங்கோ, ஆனா இருபது நிமிசத்துக்கு மேல போயிராதீங்கோ" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். கடலுக்கடியில் வேலை செய்கிறவனுக்கு நேரம் பார்க்கச் சொல்லித்தரத் தேவையில்லை. அங்கே நேரம் முடிந்தால் காற்றும் முடிந்துவிடும்.

எங்கள் ஊரில் சுழியோடி என்றால் இரண்டு பேரைத்தான் ஆட்களுக்குத் தெரியும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிறவர் ஒருவர். குளத்தில் தாண்டவரைத் தேட வருகிற கடற்படைக்காரர் மற்றவர். நான் செய்வது மூன்றாவது தொழில். ஏற்கெனவே பயின்று சான்றிதழ் அட்டை பெற்ற சுழியோடிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், கடலடியில் இடம் காட்டி, போன கணக்குக் குறையாமல் திருப்பிக் கொண்டுவருவது. கடைசியில் சொன்னதுதான் தொழில். மீன் காட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

கிழக்குக் கரையில் இதற்குப் பருவம் இருக்கிறது. சித்திரை கழிந்து புரட்டாதி வரைக்கும் கடல் தெளிந்து கிடக்கும். வாடை தொடங்கினால் கலங்கிவிடும். கார்த்திகை மார்கழியில் எங்கள் படகு கரையில் கவிழ்ந்து கிடக்கும். யுத்த காலத்தில் பருவம் என்ற பேச்சே இல்லை, மீன்பிடிக்கப் போவதற்கே பாஸ் கேட்ட காலம் அது. 2009க்குப் பிறகுதான் நிலாவெளி, பாசிக்குடா, மட்டக்களப்பு என்று ஒவ்வொரு இடமாகச் சுழியோடுகிற ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

ஆனால் இந்தக் கடலுக்கு ஸ்கூபா புதிது என்று நினைக்க வேண்டாம். 1956ஆம் ஆண்டிலேயே மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் திருகோணமலைச் சுவாமி மலையடியில் இறங்கியிருக்கிறார்கள். 1624இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் தண்ணீருக்கடியில் கிடந்ததைக் கண்டவர்கள் அவர்கள். கிளார்க் அதைப் புத்தகமாகவும் எழுதினார். மேலே நின்று தேவாரம் பாடிய எங்கள் ஆட்களுக்கு, கீழே என்ன கிடக்கிறது என்று வெள்ளைக்காரர் இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இது எனக்குக் கொஞ்சம் வெட்கமான விசயம்தான்.

இனி எல்லோரும் கேட்கிற கப்பலுக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர்களில் மூன்று பேர் காலையிலேயே என்னைப் பிடித்துவிட்டார்கள். "மச்சான், ஹேர்மிஸ் பார்க்க வேணும், எப்ப கூட்டிப்போறாய்?"

ஹேர்மிஸ் பிரித்தானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல். ஆரம்பத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட முதல் கப்பல் உலகத்திலேயே இதுதான் என்பார்கள். கட்டி முடித்துச் சேவைக்கு விட்டது 1924இல், எங்கள் கல்லடிப் பாலம் திறந்த அதே ஆண்டு. 1942 சித்திரையில் யப்பானிய விமானங்கள் முதலில் கொழும்பைத் தாக்கின. அடுத்த தாக்குதல் திருகோணமலைக்கு வரும் என்று தெரிந்து ஹேர்மிசைத் துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பினார்கள். அனுப்பும்போது கப்பலில் விமானங்கள் இல்லை. தாக்குதல் முடிந்து திரும்பி வருகிற வழியில், ஏப்ரல் 9ஆம் திகதி, மட்டக்களப்புக்கு நேரே வைத்து அது அகப்பட்டது. 40 குண்டு வரையில் விழுந்தது என்று கணக்கு. கப்பலின் தலைவர் உட்பட 307 பேர் மாண்டார்கள். துணைக்கு வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் அன்றைக்கே போனது. பக்கத்தில் வந்த வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் தண்ணீரில் கிடந்த சுமார் 600 பேரைத் தூக்கியெடுத்தது.

அந்தக் கப்பல் இன்றைக்கும் கரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கடல் மைலில், 50 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில், இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. நாங்கள் இறங்குவது ஒரு சமாதிக்கு மேலே. அதனால் உள்ளே நுழைவதில்லை, ஓர் ஆணியைக்கூட எடுக்க விடுவதில்லை. இதில் எங்களுக்குள் இரண்டு கருத்துக் கிடையாது.

சண்டை வருவது ஆழத்தில்தான். அடிப்படை அட்டைக்காரர் 18 மீற்றர் போகலாம். அதற்கு அடுத்த அட்டைக்கு 30. ஆழத்துக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவருக்கு 40. பொழுதுபோக்குச் சுழியோட்டம் அதோடு சரி. ஹேர்மிசின் மேல் விளிம்பே 40 மீற்றரைத் தாண்டித்தான் இருக்கிறது. அங்கே போக வேறு பயிற்சி, இரட்டைச் சிலிண்டர், ஹீலியம் கலந்த வாயு, மேலே வரும் வழியில் இடைக்கிடை தரித்து நிற்கிற திட்டம் எல்லாம் வேண்டும்.

ஏன் என்று உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் சொல்லுவார்கள். பத்து மீற்றர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 50 மீற்றரில் மொத்தம் ஆறு. 12 லீற்றர்ச் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் காற்று அடைத்தால் 2,400 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிற ஒருவருக்குக் கரையில் இருந்தால் இரண்டு மணித்தியாலம் காணும். 20 மீற்றரில் 40 நிமிடம். 50 மீற்றரில் 20 நிமிடம். அதிலும் 50 பார் தொடாமல் மிச்சம் வைக்க வேண்டும் என்றால் 15 நிமிடம். பயந்தவன் 20 லீற்றரோடு நிற்கமாட்டான், இரண்டு மடங்கு இழுப்பான். அதற்கு மேலே, அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றின் நைதரசன் கள்ளுக் குடித்த மாதிரித் தலையை மயக்கும். மானியைப் பார்ப்பான், முள் எங்கே நிற்கிறது என்பது மூளையில் ஏறாது.

ஒருமுறை ஒருவர் 18 மீற்றர் அட்டையோடு வந்து, "நான் இருநூறு தரம் இறங்கியிருக்கிறன், காசு கூடத் தாறன்" என்று நின்றார். லொக் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசியாக இறங்கி நாலு வருசம். அவரைக் கல்குடாப் பக்கம் பிரிட்டிஷ் சார்ஜன்ற் கிடக்கிற இடத்தைச் சொல்லி, முதலில் கரையோரம் ஒரு சோதனை இறக்கம் செய்வோம் என்றேன். அதுவும் அன்றைய தாக்குதலில் தாண்ட எண்ணெய்க் கப்பல்தான், இருபது மீற்றர்ச் சொச்சத்தில் கிடக்கிறது, மீன் கூட்டத்துக்குக் குறைவில்லை. அவர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். எங்கள் படகோட்டி ஐயா பார்த்துக்கொண்டிருந்து சொன்னார்: "போகட்டும் மனே. கோவத்தோட போறவன் உசிரோட போறான்."

அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். கப்பல் கிடக்கிற இடத்தைக் கரையில் தெரிகிற பனை மரத்தையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் பிடித்துக் கண்டுகொள்வார். நான் ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் அங்கால" என்று சொல்ல முதல் நங்கூரக் கயிறு அவர் கையில் இருக்கும்.

ஒரு இறக்கம் எப்படி நடக்கும் என்றால், படகில் முதல் வேலை கதைதான். எங்கே இறங்குகிறோம், நீரோட்டம் எந்தப் பக்கம், எத்தனை பாரில் திரும்புகிறோம். அதற்குப் பிறகு சோடி சோடியாக ஒருவர் மற்றவருடைய சிலிண்டர், வால்வு, வார் எல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும். கீழே கதைக்க முடியாது என்பதால் கைச்சைகையை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுவேன். எங்கள் ஆட்களிடம் இங்கேதான் பகிடி. எல்லாம் நல்லம் என்று காட்டப் பெருவிரலை உயர்த்துவார்கள். சுழியோட்டத்தில் பெருவிரல் மேலே காட்டினால் "இப்பவே மேலே போவோம்" என்று அர்த்தம். சந்தோசத்தில் விரலைக் காட்டி, நான் முழுக் குழுவையும் மேலே கொண்டுவந்துவிட, "ஏன் மேல வந்தனாங்கள்?" என்று கேட்டவர்களும் உண்டு. தலையாட்டுவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எங்கள் தலையாட்டலில் ஓமா இல்லையா என்று தரையிலேயே விளங்காது.

ஐந்தாறு மீற்றர் இறங்கும்போதே சிவப்பு நிறம் மறையத் தொடங்கும். கை கிழிந்து இரத்தம் வந்தால் பச்சையாகத் தெரியும். சத்தம் காற்றை விட நாலு மடங்குக்கு மேல் வேகமாக ஓடுவதால் படகு எந்தத் திசையில் வருகிறது என்று காது சொல்லாது. அதனால்தான் மேலே வர முதல் செம்மஞ்சள் நிற மிதவையை மேலே விடுகிறோம். ஏறும்போது நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் ஏறக் கூடாது, மூச்சை அடக்கவே கூடாது. ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் சும்மா நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மூன்று நிமிடம் அலுப்பு. எனக்கு முழு இறக்கத்திலும் பெறுமதியான நேரம் அதுதான்.

இந்த இடத்தில்தான் நான் உண்மையில் சொல்ல வந்த விசயம் இருக்கிறது.

சோடாப் போத்தலை மெதுவாகத் திறந்தால் ஒன்றுமில்லை. சட்டென்று திறந்தால் பொங்கும். ஆழத்தில் அமுக்கத்தோடு சுவாசித்த நைதரசன் உடம்பில் கரைந்திருக்கும். சட்டென்று மேலே வந்தால் அது இரத்தத்திலும் நரம்பிலும் குமிழியாகும். உங்கள் புத்தகத்தில் இருக்கிற ஹென்றியின் விதிதான். வெளியிலிருந்து வருகிற அட்டைக்காரருக்குக் கையில் கணினி கட்டியிருக்கிறது, பக்கத்தில் நான் நிற்கிறேன், படகில் ஒட்சிசன் இருக்கிறது. அதே கடலில், அதே மாதிரிச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிற எங்கள் பெடியள் எத்தனை பேர்? ஒரு நாளைக்கு மூன்று, நாலு, ஐந்து சிலிண்டர். ஆழம் பார்க்கக் கருவி இல்லை, அட்டவணை இல்லை. காற்று முடிந்தால்தான் மேலே வருவார்கள், வருவதும் ஒரே பாய்ச்சலில்.

அவர்களை மொக்கர் என்று யாரும் நினைக்கக் கூடாது. மன்னாரில் முத்துக் குளித்த பாட்டன் ஒரே மூச்சோடு போய் அந்த மூச்சு முடிய முதல் எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக மேலே வந்தான். அவனுக்கு அது சரி. கீழே போய் அவன் புதிதாகக் காற்று இழுக்கவில்லை. சிலிண்டர் கையில் வந்த பிறகு அதே பழக்கம் ஆளைக் கொல்லுகிறது. தலைமுறையாக வந்த அறிவு இந்த ஒரு இடத்தில் எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிட்டது, அதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

மேலே வந்து கொஞ்ச நேரத்தில் மூட்டு நோகும். மறுகா கால் விறைக்கும், சிறுநீர் போகாது. குளிர் பிடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்ப்பார்கள். சிலர் "திரும்ப இறக்கினா மாறும்" என்று மறுபடியும் கடலுக்குள் இறக்குவார்கள். நடக்க முடியாதவனைத் தண்ணீருக்குள் இறக்குவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசியுங்கள். செய்ய வேண்டியது, படுக்க வைத்து ஒட்சிசன் கொடுப்பது, தாமதமில்லாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது, வைத்தியரிடம் முதல் வார்த்தையாக "இவர் சிலிண்டரோட கடலுக்க இறங்கினவர்" என்று சொல்வது. அந்த ஒரு வசனம் சொன்னால்தான் அவர் அமுக்க அறைச் சிகிச்சையைப் பற்றி நினைப்பார்.

இங்கே இருக்கிற மாணவர்களில் கடற்கரைக் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று சற்று முன் கேட்டேன். பாதி மண்டபம் உயர்த்தியது. உங்கள் வீட்டில், பக்கத்து வளவில், சிலிண்டர் கட்டுகிறவர் இருப்பார். இன்றைக்குப் போய் இதைச் சொல்லுங்கள். ஆழம் கூடின இறக்கத்தை முதலில் செய்யச் சொல்லுங்கள், மெதுவாக ஏறச் சொல்லுங்கள், மேலே வர முதல் ஐந்து மீற்றரில் நிற்கச் சொல்லுங்கள். "சின்னப் பெடியன் எனக்குப் படிப்பிக்கிறியோ" என்று ஏசுவார்கள். ஏசட்டும். சங்கத் தலைவரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். வருகிற பருவம் தொடங்க முதல், இந்த மண்டபத்திலேயே மீனவச் சங்கங்களைக் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்பு. பாடத்துக்கு நான் பொறுப்பு. வெளிநாட்டு நண்பர்கள் இரண்டு ஒட்சிசன் பெட்டி வாங்கித் தந்தால் அதுவே போதும், எனக்குப் பொன்னாடை வேண்டாம்.

இனி அந்த மூன்று நண்பர்களுக்கும் பதில். சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் படகு. ஹேர்மிஸ் இல்லை, பிரிட்டிஷ் சார்ஜன்ற். அட்டையும் லொக் புத்தகமும் கொண்டுவாருங்கள். இரவு விருந்தில் கிளாஸ் தூக்குகிறவர்கள் படகில் இருந்து மீன் பிடிக்கலாம், இறங்க முடியாது. ஒன்றுக்கு மேல் இறங்கினால் 18 மணித்தியாலம் விமானம் ஏறக் கூடாது. விமானம் மட்டுமில்லை, சனி மத்தியானமே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியா போக யோசித்திருக்கிறவர் அதை மாற்ற வேண்டும். அது 1,868 மீற்றர் உயரம், குமிழிக்கு விமானமும் மலையும் ஒன்றுதான். ஞாயிறு பின்னேரம் போங்கோ, தேயிலை அங்கேயேதான் நிற்கும்.

செயலாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார்.