காருக்குள் வரும் புகை

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களே, வண்டிக்குள் புகை நாற்றம் அடித்தால் சென்ட் அடித்து மறைத்துவிடாதீர்கள். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம்.

காலையில் திறந்தவெளியில் வண்டியை ஸ்டார்ட் செய்து, குழாய் சூடாவதற்குள் சைலன்சர் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நுரை கொப்பளிக்கும். இன்ஜினை ஒட்டிய கேஸ்கட் ஓரத்தில் கரி படிந்திருந்தால் கசிவு அங்கேதான். பசை பூசுவது ஊர் போய்ச் சேர மட்டுமே, கேஸ்கட்டை மாற்றிவிடுங்கள்.

குழாய் சரியாக இருந்தும் நாற்றமா? டிக்கி ரப்பரைப் பாருங்கள். ஓடும் வண்டியின் பின்னால் சுழலும் காற்று அந்த இடுக்கு வழியே புகையை உள்ளே தள்ளும்.

சரிசெய்யும்வரை அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.