வாய்ப்பா? உழைப்பா?

 

"வாய்ப்பு வராம உழைச்சு என்ன பிரயோஜனம்?"னு எதிரணி அம்மா கேட்டாங்க. நியாயம்தான். உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங், ஈட்டி எறிந்த கிராமத்துப் பையன். 2008-இல் டி.வி. போட்டியில் பேஸ்பால் பந்தெறிந்து ஒரு லட்சம் டாலர் ஜெயித்தார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. இது வாய்ப்பு!

அப்புறம்? அதுவரை பேஸ்பாலே ஆடாதவர், கீழ்மட்ட லீக்குகளில் வருஷக்கணக்கில் பந்து வீசினார். முழங்கையில் காயம். மேஜர் லீக் கிடைக்கவே இல்லை. அழுதுகிட்டு உட்கார்ந்தாரா? 2018-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்தில் சேர்ந்தார். காயம் வாய்ப்பைப் பறிச்சுது; உழைக்கிற பழக்கத்தைப் பறிக்க முடியலையே!

அணித் தேர்வில் பேர் வராம அழுத என் மகனுக்கும் இதைத்தான் சொன்னேன். "அண்ணாமலை எல்லார் கண்ணுக்கும் தெரியும்டா, கிரிவலம் 14 கிலோமீட்டரும் அவனவன் காலாலதான் நடக்கணும்!"