தெருவில் கற்ற கன்னடம்



பெங்களூரில் கோரமங்கலாவை அடுத்து, விவேக்நகருக்கு அருகே ஈஜிபுரா என்னும் பகுதி உள்ளது. தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து பிழைப்பை நாடி அங்குக் குடியேறிய நாங்கள், கன்னடம் கற்பது எளிது என்றே எண்ணியிருந்தோம். ஒரு போதினியை வாங்கி எழுத்துகளையும் வினைச்சொற்களையும் மனப்பாடம் செய்தோம். பின்னர்க் கடைவீதிக்குச் சென்று, ‘ஹோகுத்தேனெ’, ‘மாடுத்தேனெ’ என்று புத்தகத்தில் உள்ளபடியே திருத்தமாகப் பேசினோம். கேட்டவர் புன்னகை செய்து, நல்ல தமிழில் விடையளித்தார்! அது அன்பினால் செய்த உபசாரந்தான். ஆயினும், வீட்டினுள் அழைக்கப்படாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும் விருந்தாளியின் நிலைமையில் நாங்கள் இருந்தோம்.

நகைப்புக்கு உரிய இந்நிலைமை ஓர் இரவு கவலைக்கு உரியதாயிற்று. குழந்தைக்குக் கடும் காய்ச்சல். மருந்துக் கடைக்கு ஓடினோம். கடைக்காரர், ‘ஏனாய்து?’ என்றார். ‘ஏன் ஆயிற்று?’ என்று கேட்பதாகவே எங்கள் தமிழ்ச் செவிக்குப் பட்டது. மழையில் நனைந்தது, ஈரத் துணியோடு விளையாடியது என்று காரணங்களை அடுக்கினோம். அவரோ, ‘என்ன ஆயிற்று?’ என்றுதான் கேட்டிருந்தார். காய்ச்சல் என்ற ஒரு சொல்லை நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் பொன்னான நிமிடங்கள் பல கழிந்துவிட்டன. கன்னடத்தில் ‘ஏனு’ என்பது ‘என்ன’. ‘ஏன்’ என்று கேட்க ‘யாகெ’ என்பார்கள். இந்தச் சிறு வேற்றுமையை அன்றுதான் நன்கு கற்றோம்.

இரண்டும் ஒரு குடும்பத்து மொழிகள். அதுவே நமக்கு உதவி. அதுவே நமக்கு இடர். தமிழில் ‘ப’ என்று தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ‘ஹ’ என்று தொடங்கும். பால் அங்கே ஹாலு; பத்து ஹத்து; புலி ஹுலி. நமது வகரம் பெரும்பாலும் அங்கே ‘பஸ்’ என்பதில் ஒலிக்கும் பகரம் ஆகும். வில், பில்லு; வெல்லம், பெல்ல; வா, பா. இது தெரியாமல் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு மூதாட்டி, அடுத்த வீட்டு அம்மையார், ‘பன்னி, பன்னி’ என்று வரவேற்றபோது முகம் சிவந்து திரும்பிவிட்டார். ‘வாருங்கள், வாருங்கள்’ என்று மரியாதையுடன் அழைத்த சொல் அது!

இனி, போதினியில் அகப்படாத பேச்சு வழக்கைப் பார்ப்போம். ‘ஹோகுத்தேனெ’ என்று பெங்களூர்த் தெருவில் எவரும் சொல்வதில்லை, ‘ஹோக்தீனி’ என்பார்கள். ‘மாடுத்தேனெ’ என்பது ‘மாட்தீனி’ எனச் சுருங்கும். ‘அல்லவா’ என்பது ‘அல்வா’ ஆகும். திருநெல்வேலியார் அதைக் கேட்டு நாவில் நீர் ஊற நின்றால் அது அவர் குற்றமன்று. விடைபெறும்போது நாம் ‘வருகிறேன்’ என்பது போலவே அவர்களும் ‘பர்தீனி’ என்பார்கள். ‘போகிறேன்’ என்று சொல்லக் கூசும் நாகரிகம் இரு வீட்டாருக்கும் பொது.

சொற்றொடரின் கடைசியில் வரும் ‘கண்ரீ’, ‘கணோ’, ‘கணே’ என்பவற்றுக்கு அகராதியில் பொருள் தேடினால் பயனில்லை. ‘கண்ரீ’ மரியாதைக்கு உரியவரிடம். ‘கணோ’ நெருங்கிய ஆண்மகனிடம். ‘கணே’ நெருங்கிய பெண்ணிடம். இளைஞர்கள் தம்முள் ‘குரு’ என்றும் ‘மகா’ என்றும் அழைத்துக்கொள்வார்கள். அதைக் கேட்டுக் கற்ற நம் பிள்ளைகள், பெரியவர் ஒருவரிடம் அவ்வாறு சொல்லிவிட்டால் வீண் மனத்தாங்கல். ஆகவே, ஒரு சொல்லை மட்டும் கற்பது போதாது. யார், யாரிடம், எவ்வேளையில் சொன்னார் என்பதையும் சேர்த்தே கற்கவேண்டும்.

இப்பேச்சு மொழியைத் தாழ்வாக எண்ணுவோருக்கு டி. பி. கைலாசத்தை நினைவூட்டலாம். 1884-இல் பிறந்து 1946-இல் மறைந்த அவர், மைசூரில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. ‘டொள்ளு கட்டி’ முதலிய தம் நாடகங்களில் ஏட்டு நடையை ஒதுக்கி, ஆங்கிலமும் கலந்து வீட்டிலும் வீதியிலும் மக்கள் பேசிய கன்னடத்தையே மேடையேற்றினார். 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசைக் கன்னடத்திற்குப் பெற்றுத் தந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் வீட்டில் தமிழ் பேசிய குடும்பத்தினரே. அண்டை மொழியைத் தம்மொழியாக்கிக் கொண்டதனால் அவர்களுக்குக் குறைந்தது ஒன்றுமில்லை.

நம்மால் நாடகம் எழுத இயலாது. காய்கறி வாங்க இயலும். நாள்தோறும் ஒரு தொடரைக் காதால் கேட்டு, மறுநாள் அதனைத் துணிந்து சொல்லிப் பாருங்கள். பிழை நேர்ந்தால் உடன் சேர்ந்து சிரியுங்கள். திருத்துபவரைக் குருவாகக் கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் மாலையில் அடுத்த வீட்டு அம்மையார் எங்களைக் கண்டால், ‘ஊட்ட ஆய்தா?’ என்று கேட்கிறார். ‘சாப்பாடு ஆயிற்றா?’ என்னும் நம் ஊர் விசாரிப்பேதான். ‘ஆய்து கண்ரீ, நிம்து?’ என்கிறோம். அவர் தமிழுக்கு மாறுவதில்லை. தம் மகளின் கல்யாணப் பேச்சைக் கன்னடத்திலேயே தொடர்கிறார். நாங்களும் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே செல்கிறோம்.