நிலாப் பயணத்தின் வேகம்

நிலாவுக்குப் போகும் விண்கலம் வழி நெடுக ஒரே வேகத்தில் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது பூமியின் சுற்றுப்பாதையை விட்டுப் புறப்பட்டதுமே வேகத்தை இழக்கத் தொடங்கிவிடுகிறது!

1969 ஜூலை 16. அப்பல்லோ 11 விண்கலம் முதலில் பூமியைச் சுற்றியது. பிறகு ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு சுமார் 6 நிமிடம் எரிந்து, மணிக்கு ஏறக்குறைய 39,000 கிலோமீட்டர் வேகத்தில் கலத்தை நிலாவை நோக்கித் தள்ளிவிட்டது. அதன் பிறகு, பாதையைச் சற்றே திருத்திய சில விநாடிகள் தவிர, எஞ்சின் ஓடவேயில்லை. மேலே எறிந்த கல்லைப் போலத்தான் மீதிப் பயணம். பூமி பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க, வேகம் குறைந்துகொண்டே போனது.

நிலாவுக்கு இன்னும் 62,000 கிலோமீட்டர் இருக்கும்போது, வேகம் மணிக்குச் சுமார் 3,300 கிலோமீட்டர்தான். புறப்பட்டபோது இருந்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கு! அதன் பிறகு நிலாவின் ஈர்ப்பு மேலோங்க, வேகம் மறுபடி ஏறியது.

அப்படியே விட்டிருந்தால் கலம் நிலாவைச் சுற்றி வளைந்து பூமிக்கே திரும்பியிருக்கும். அதனால் ஜூலை 19 அன்று நிலாவின் மறுபக்கத்தில் எஞ்சினை எதிர்த்திசையில் இயக்கி வேகத்தைக் குறைத்த பிறகே, கலம் நிலாவைச் சுற்றத் தொடங்கியது.

இதில் இன்னொரு வியப்பு: போகும்போதைவிடத் திரும்பும்போதுதான் வேகம் அதிகம். 1969 மே மாதம் அப்பல்லோ 10 வீரர்கள் மூவர் பூமிக்குத் திரும்புகையில் எட்டிய வேகம் மணிக்கு 39,897 கிலோமீட்டர். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு முடுக்கிவிடுவது மட்டுமல்ல, வேகத்தை அடக்குவதும் பெரிய வேலைதான்!