பால்மரத்துப் பாசி: பகையா, அண்டை வீட்டானா?

(மந்தின் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆற்றப்பட்ட உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அளவில் மிகச் சிறியது. பிரட்டு முடிந்து நிரைக்குள் நுழையும் நீங்கள் நாள்தோறும் காண்பது. தொட்டால் பட்டுப்போல் மெத்தென்றிருப்பது. பால்மரத்தின் அடிப்பட்டையிலும், கால்வாய் ஓரத்திலும், லயத்துச் சிமெந்துப் படியிலும் படர்ந்து கிடப்பது. அதுவே பாசி. மலாய் மொழியில் இதனை 'லூமுட்' என்பர்.

"பாசி மரத்தின் சத்தை உறிஞ்சுகிறது, அதனால்தான் பால் குறைகிறது" என்று சிலர் கருதுகின்றனர். அக்கருத்தால் உளிமுனை கொண்டு பட்டையை அழுத்திச் சுரண்டுவோரும் உண்டு. மரத்திற்கும் நம் வருமானத்திற்கும் கேடு செய்வது பாசியா, சுரண்டும் உளியா என்பதை ஆராய்வோம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். குளத்து நீரில் மிதக்கும் பாசி வேறு. மரத்தில் படரும் பாசி வேறு. மரத்துப் பாசிக்குத் தண்டும் இலையும் போன்ற உறுப்புகள் உண்டு. உலகில் இதில் ஏறத்தாழ 12,000 இனங்கள் உள்ளன. பட்டையில் சாம்பல் நிறத்தில் தேமல்போல் ஒட்டியிருப்பதோ பாசியன்று. அது பூஞ்சையும் நுண்பாசியும் கூடி வாழும் வேறோர் உயிர்.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. தண்டின் அடியில் மயிரிழை போன்ற மெல்லிய இழைகள் மட்டுமே உள்ளன. அவை பாசியைப் பட்டையோடு பிடித்து நிறுத்துமேயன்றி, உள்ளே துளைத்துச் சென்று பாலையோ சாற்றையோ உறிஞ்சுவதில்லை. அதன் இலைகள் பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணுவின் கனமுடையவை. மழைநீரையும் பனியையும் அவ்விலைகளே நேராகப் பருகுகின்றன. பச்சையம் இருப்பதால் வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. வறட்சியில் சுருண்டு, செத்ததுபோல் கிடக்கும் பாசி, ஒரு மழை பெய்தவுடன் மீண்டும் பசுமை கொள்வதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இனி, இது பெருகும் முறையைப் பார்ப்போம். பாசிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. தண்டின் நுனியில் ஆண் உறுப்பும், குடுவை வடிவான பெண் உறுப்பும் தோன்றுகின்றன. ஆண் அணுவுக்கு இரண்டு வால்கள் உண்டு. மழைநீர்ப் படலத்தில் அது நீந்திச் சென்று பெண் அணுவை அடைகிறது. நீரில்லையேல் இச்சேர்க்கை நிகழாது. ஆகவேதான் ஈரமும் நிழலும் உள்ள இடங்களில் பாசி செழிக்கிறது.

கருவுற்றபின் தாய்ச்செடியின் மேலேயே ஒரு மெல்லிய காம்பு எழும்பி, அதன் உச்சியில் சிறு பெட்டகம் அமைகிறது. அது தாயிடமே உணவு பெற்று முதிர்கிறது. முதிர்ந்ததும் பெட்டகத்தின் மூடி கழன்று விழும். பல இனங்களில் பெட்டகத்தின் வாயைச் சுற்றி 16 பற்களோ 32 பற்களோ இருக்கும். காற்றின் ஈரத்திற்கேற்ப அவை வளைந்தும் நிமிர்ந்தும் உள்ளிருக்கும் நுண்தூளைச் சிறிது சிறிதாக வெளியே விடுகின்றன. அத்தூள் காற்றில் பறந்து ஈரமான இடத்தில் விழுந்தால், முதலில் பச்சை நூலிழைகளாகப் படரும். அவ்விழைகளில் மொட்டுகள் அரும்பி, புதிய பாசிச் செடிகளாகும். இவ்வாறு இரு தலைமுறைகள் மாறி மாறி வருவதை 1851இல் ஜெர்மன் அறிஞர் ஹாஃப்மைஸ்டர் விளக்கிக் காட்டினார்.

நம் தாழ்நில மரங்களில் காணப்படும் கலிம்பெரிஸ் என்னும் பாசிக்கு இன்னொரு வழியும் உண்டு. அதன் இலை நுனியில் சிறு துணுக்குகள் கொத்தாகத் தோன்றி உதிர்கின்றன. ஒவ்வொரு துணுக்கும் தனிச் செடியாக வளர வல்லது. எனவே சுரண்டி எறிவதால் பாசியை ஒழித்துவிட முடியாது.

நண்பர்களே! பால் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். பட்டையின் உட்பகுதியில், மரத்தை ஒட்டிய வளர்படலத்திற்குச் சற்று வெளியே பால்குழாய்கள் நெருங்கி நிற்கின்றன. பாசி நிற்பதோ வெளிப்பட்டையின் செத்த தோலில். அதனை அகற்றும் எண்ணத்தில் உளியை அழுத்தினால் வளர்படலம் காயமுறும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அங்கே சீராகப் பால் வெட்ட இயலாது. இன்று அவசரத்தில் செய்த காயம், பல ஆண்டுகளுக்குப் பின் அதே பட்டைக்குத் திரும்பும்போது நம் கூலியைக் குறைக்கும்.

ஆயினும் பாசி நமக்கு ஒரு செய்தி சொல்கிறது: "இங்கே ஈரம் மிகுதி, காற்றோட்டம் குறைவு" என்பதே அது. அத்தகைய இடத்தில்தான் வெட்டுப்பட்டையைத் தாக்கும் கருங்கோட்டு நோயும் எளிதில் பரவும். அந்நோயை உண்டாக்குவது வேறொரு நுண்ணுயிர், பாசியன்று. ஆகவே நிரையில் புதர் மண்டவிடாதீர்கள். வெட்டும் பகுதியில் பாசி இருந்தால் கோணித் துண்டாலோ தேங்காய் நாராலோ மெதுவாகத் துடைத்தால் போதும். பட்டை நனைந்திருக்கும்போது வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். பட்டை உலர்ந்தபின் வெட்டுங்கள். வெட்டுப்பட்டையில் கரிய கோடுகள் கண்டால் காலம் தாழ்த்தாமல் மண்டோரிடம் தெரிவியுங்கள்.

லயத்துப் படியிலும் கிணற்றடியிலும் உள்ள பாசியை மட்டும் விட்டுவைக்க வேண்டா. பால்வாளி சுமப்போரும், முதியோரும், பிள்ளைகளும் வழுக்கி விழும் இடங்கள் அவை. அங்கே தேய்த்துக் கழுவி, நீர் தேங்காமல் வழி செய்யுங்கள்.

சரிவான நிலத்தில் வெறும் மண்ணின்மேல் படரும் பாசியோ நமக்கு நன்மையே செய்கிறது. மழைத்துளியின் அடியைத் தான் தாங்கி மேல்மண்ணைக் காக்கிறது. கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரத்துப் பாசிக் காடு, மேகத்து ஈரத்தையே பிடித்து வைத்துக்கொள்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், நீரை மிகுதியாக உறிஞ்சும் ஸ்பாக்னம் என்னும் பாசி, வீரர்களின் புண்களுக்குக் கட்டுப் போடவும் உதவியது.

எனவே பாசி பகைவனுமன்று, பால் திருடனுமன்று. திண்ணையில் ஒண்டிக்கொண்டு, தன் சோற்றைத் தானே பொங்கி உண்ணும் அண்டை வீட்டானைப் போன்றது. அதன் தன்மையறிந்து நடப்போம், பட்டையைக் காப்போம். பட்டை காக்கப்பட்டால் பாலும் காக்கப்படும். நம் வாழ்வும் காக்கப்படும்.